காண்க: முன்னுரை

துறைக் கூட்டம் ஒன்றுக்கு ஒரு சொல். அது மீனலோசனியின் வழக்கம். வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவாள். பார்ப்பவர்களுக்குக் குறிப்பெடுப்பதுபோலத் தெரியும். மற்றவர்கள் மேசைக்கடியில் கைப்பேசி பார்க்கும்போது இவள் மட்டும் எழுதிக்கொண்டிருப்பது துறைத்தலைவர் அனந்தபத்மநாபனுக்குப் பிடித்திருந்தது.

ஒத்தக்கடை தாண்டி, மேலூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற அந்தத் தனியார் கல்லூரியில் அவள் ஒன்பது ஆண்டுகளாகத் தமிழ் நடத்துகிறாள். ஒன்பதும் தற்காலிகம். ஜூனில் சேர்ப்பார்கள். ஏப்ரலில் விடுவிப்பார்கள். மே மாதம் அவளுக்கு வேலை கிடையாது. அடுத்த ஜூனில் முன்பின் தெரியாதவள்போல மறுபடி விண்ணப்பம், மறுபடி புகைப்படம். கல்லூரிக் கோப்பில் அவளுடைய ஒன்பது முகங்கள் இருந்தன. வரவர மெலிந்துகொண்டே போயின.

முதல் சொல் அவள் வேலைக்கு வந்த முதல் நாளில் கிடைத்தது. அன்று ஒத்தக்கடையில் இறங்கி வழி கேட்டாள். நான்கு பேர் நான்கு பக்கம் காட்டினார்கள். யாருக்கும் தெரியாது. யாரும் தெரியாது என்று சொல்லவில்லை. நான்காமவர் கல்லூரியின் சுற்றுச்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு எதிர்ப்பக்கம் காட்டினார். அவள் எழுதினாள்:

திசைக்கொடை: வழி தெரியாதவர், கேட்டவரை வெறுங்கையோடு அனுப்ப மனமின்றி, ஏதோ ஒரு பக்கம் கை காட்டுதல்.

அதற்குப் பிறகு கூட்டங்கள் குறையவில்லை. சொற்களும் குறையவில்லை.

அட்டைப்புலமை: நூலின் பின்னட்டையை மட்டும் படித்தவரிடம் காணப்படும் உறுதி.

வினாவிழுங்கல்: கேட்பதற்கு எழுந்து, அருகிலிருப்பவர் முகத்தைப் பார்த்து, வேட்டியைச் சரிசெய்யத்தான் எழுந்ததுபோல் உட்கார்ந்துவிடுதல்.

மிக்சியமைதி: அடுத்த வீட்டுச் சண்டை என்னவென்று அறிய, அரைபடும் சட்னியைப் பாதியில் நிறுத்துதல்.

தலைவேகம்: புரியாமை கூடக்கூடத் தலையாட்டலும் கூடும் வீதம்.

இப்படி ஐம்பது சேர்ந்திருந்தன. ஆண்டுதோறும் புதுப் பதிவேடு வந்ததும் பழையவற்றையும் அதில் எடுத்தெழுதிக்கொள்வாள். அவள் யாரிடமும் காட்டவில்லை.

ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மார்ச்சில் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. ஒவ்வொரு துறையும் தன் ‘அறிவுப் பங்களிப்பு’ என்ன என்று ஒரு படிவத்தில் எழுதித் தர வேண்டும். தமிழ்த்துறையிடம் பொங்கல் விழாப் புகைப்படங்கள் இருந்தன. அனந்தபத்மநாபன் வருகைப் பதிவேடுகளையாவது அடுக்கிவைக்கலாம் என்று வாங்கினார். மீனலோசனியின் பதிவேடு கைதவறி விழுந்தது. கடைசிப் பக்கம் திறந்துகொண்டது.

அவர் நின்றபடியே படித்தார். அவள் நின்றபடியே பார்த்தாள். ஐம்பதில் பாதிக்கு மேல் அவரைப் பார்த்து எழுதியவை.

“யாரும்மா எழுதினது இதெல்லாம்?”

“சும்மா எழுதுனதுங்கய்யா.”

“சும்மாவா? ஏம்மா, இது கலைச்சொல்லாக்கம். அறியாமையியல்.” அறியாமையியல் என்ற சொல்லை அவர் அந்த நொடியில்தான் உண்டாக்கினார். ஆனால் பல காலமாகப் பாடம் நடத்துகிற துறையின் பெயர்போல அது அவர் வாயிலிருந்து வந்தது. பிறகு அட்டைப்புலமைக்கு வந்தார். வாய்விட்டுச் சிரித்தார். “நம்ம பிரின்சிபாலைத்தானே சொல்ற?”

அவள் தலையாட்டினாள்.

“இந்த வருஷம் துறையில ஒரு இடம் நிரந்தரம் பண்றாங்க. தாளாளரே என்கிட்டச் சொல்லிட்டாரு. இதைப் புத்தகமாப் போடுவோம். நான் முன்னுரை எழுதறேன். அப்புறம் உன்னை விட்டுட்டு யாரைப் போட முடியும்?”

நிரந்தரம் என்ற சொல்லை அந்தக் கல்லூரியில் அவளிடம் யாரும் நேராகச் சொன்னதில்லை. அன்று அவள் பேருந்தில் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினாள்.

புத்தகத்துக்கு ‘அறியாமைச் சொற்கோவை’ என்று பெயர் வைத்தார்கள். டிடிபிக்காரர் வந்து உட்கார்ந்தார். ஐம்பது சொற்களும் இரண்டு நாளில் பக்கமாகிவிட்டன. அச்சுக்குப் போகவேண்டிய நாளில் தாளாளர் சிவபாண்டி துறைக்கு வந்தார். அவர் கட்டடங்கள் கட்டியவர். கல்லூரியும் அவர் கட்டிய கட்டடங்களில் ஒன்று.

“எம்புட்டு வார்த்தை?”

“ஐம்பதுங்கய்யா,” என்றார் அனந்தபத்மநாபன்.

“அம்பதா?” சிவபாண்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. “கல்யாண வீட்டுல போயி அம்பதுன்னு மொய் எழுதுவீகளா? படிச்சவுக செய்யிற வேலையாய்யா இது? ஒண்ணு போட்டு முடிங்க.”

“அம்பத்தொண்ணு. போட்டுரலாங்கய்யா.”

“வாசல்ல பிளெக்சுக்குச் சொல்லிப்புட்டேன். ‘ஐம்பத்தோரு புதிய சொற்கள்’னு. நாளைக்குக் கட்டிருவாய்ங்க. அந்தம்மா யாரு, எழுதுனது? இந்தாம்மா, சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு சேத்துரு.”

அவர் போய்விட்டார். மணி மூன்றரை. டிடிபிக்காரர் மேலூரில் ஒரு காதுகுத்துப் பத்திரிகை நிற்கிறது என்று சொல்லிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரியாமையில் ஐம்பது வகை கண்டவளுக்கு ஐம்பத்தொன்றாவது வகை தெரியவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒரு நாய், ஒரு தண்ணீர் டேங்கர். நான்கரைக்கு அவள் நான்கு எழுத்துகளை எழுதினாள்.

நெழுவம்.

அதற்குப் பொருள் எதுவும் இல்லை. எதிலிருந்தும் வரவில்லை. வாய்க்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான். பொருள் என்ற இடத்தில் கோடு போட்டால் டிடிபிக்காரர் கேட்பார். அகராதிகள் தப்பித்துக்கொள்ளும் விதம் அவளுக்குத் தெரியும். எழுதினாள்:

நெழுவம்: காண்க: முன்னுரை.

முன்னுரை அதுவரை வந்திருக்கவில்லை. துறைத்தலைவரிடம் சொன்னால் ஏதாவது ஒரு வரி சேர்ப்பார், அல்லது வேறு சொல் கேட்பார் என்று நினைத்தாள். அவர் அறைக்குப் போனாள். முன்னுரை மேசைமேல் தயாராக இருந்தது. ஒன்பது பக்கம். துறையின் வெள்ளிவிழா மலருக்கு அவர் எழுதியது. முதல் பத்தியை மட்டும் மாற்றியிருந்தார். அவர் கைப்பேசியில் யாரிடமோ தன் சர்க்கரை அளவைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள்.

புத்தகம் வந்தது.

வெளியீட்டு விழாவில் சால்வைகள் முடிந்தபின் அனந்தபத்மநாபன் பேச எழுந்தார். பேச்சின் நடுவில் புத்தகத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. மேடையின் ஓரத்தில் இருந்த மீனலோசனி அந்த விரலைப் பார்த்தாள். அது ஒரு வரியை இரண்டு தடவை தடவியது. ‘முன்னுரை’ என்ற சொல்லின்மேல் கொஞ்சம் தங்கியது.

“இந்த ஐம்பத்தொன்றில் முத்து எது தெரியுமா?” என்றார் அவர். “கடைசிச் சொல். நெழுவம்! நெஞ்சு எழுவது நெழுவம். தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவிலே நெஞ்சம் எழுந்து நிற்கிறதே, அந்த நிலை. முன்னுரையில் விரிவாக எழுதியிருக்கிறேன். இங்கே நேரம் இல்லை.”

கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த தாளாளர் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார்.

“இது ஒண்ணும் புதுசு இல்ல. சின்னப் புள்ளைல நாங்க சொல்லுவோம். அலங்காநல்லூர்ல வாடிவாசல் தொறக்கப் போகுது. மாடு இன்னும் வெளிய வரல. அப்ப வயித்துக்குள்ள ஒரு மாதிரி இருக்கும்ல? அதான் நெழுவம்.”

இதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

மார்ச்சில் மதிப்பீட்டுக் குழு வந்தது. மூன்று பேர். தமிழ் தெரிந்தவர் ஒருவர். அவர் முன்னுரையைப் பாராட்டினார்.

குழு போன மறுநாளே மீனலோசனி துறைத்தலைவரிடம் போனாள். விழுங்கியதை இம்முறை கக்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

“ஐயா, அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பொருள் கிடையாதுங்கய்யா. எண்ணிக்கைக்காகப் போட்டது. முன்னுரையில அது இல்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“முன்னுரையைப் படிச்சியா?”

“படிச்சேங்கய்யா.”

“எத்தனை தடவை?”

“ரெண்டு.”

“மூணாவது தடவை படி. சிலதெல்லாம் வரிக்கு நடுவுல இருக்கும்.” கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “இங்க பாரும்மா. பொருள் இல்லைன்னு சொல்லாத. உனக்குப் பிடிபடலைன்னு சொல்லு. அதுல ஒரு அடக்கம் இருக்கு. மே மாசம் இன்டர்வியூ. எழுதின ஆளுக்கே தெரியலைன்னு வெளிய போனா நல்லாவா இருக்கும்?”

அவள் மூன்றாவது தடவையும் படித்தாள். வெள்ளிவிழா, நிறுவனரின் பெருந்தன்மை, துறையில் படித்து வெளிநாடு போன இரண்டு பேர். ஏழாம் பக்கத்தில் துறை நூலகத்தின் பீரோக்கள். நான்கு இரும்பு, இரண்டு மரம். மரத்தில் ஒன்றுக்குப் பூட்டு இல்லை.

ஏப்ரலில் சொல் கல்லூரிக்குள் நடமாட ஆரம்பித்தது. துறையில் தேநீர் கொண்டுவருகிற ஒச்சம்மாள் ஒரு காலையில் அவளை வாசலிலேயே மறித்தாள்.

“உள்ள போகாதீக டீச்சர். சாரு நெழுவமா இருக்காரு.”

“நெழுவமான்னா?”

“மூஞ்சிய உம்முன்னு வச்சுக்கிட்டு, ஃபைலத் தொறந்து தொறந்து மூடுறாரு.”

“அதுக்கா நெழுவம்னு பேரு?”

“ஏன் டீச்சர்,” என்றாள் ஒச்சம்மாள். “நீங்க எழுதுன புஸ்தகத்துக்கு என்கிட்டயா அர்த்தம் கேப்பீக?”

அறிவியல் கட்டடத்தில் அது தலைவலியைக் குறித்தது. வணிகவியல் மாணவர்கள், ஒரு பெண் சிரித்ததா இல்லையா என்று தெரியாமல் தவிக்கிறவனைச் சொன்னார்கள். எல்லோரும் முன்னுரையைக் காட்டினார்கள்.

பாலமுரளி துறைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவனும் தற்காலிகம். அவனும் அவளைப்போலச் சௌராஷ்டிரக் குடும்பம். ஏதாவது தேவை என்றால் மட்டும் அவளிடம் வீட்டு மொழியில் பேசுவான். அன்று வீட்டு மொழியில் ஆரம்பித்து, யாரோ வரவும் தமிழுக்கு மாறினான்.

“அக்கா, டி. கல்லுப்பட்டியில ஒரு கருத்தரங்கம். நெழுவத்தைப் பத்திக் கட்டுரை வாசிக்கலாம்னு இருக்கேன். அது நெகிழ்லேருந்து வருதா, நிழல்லேருந்தா?”

“பாலா, அது எதுலேருந்தும் வரல. நாலரை மணிக்கு நான் போட்டது. அர்த்தம் கிடையாது.”

அவன் முகத்தில் வருத்தம் இருந்தது.

“சொல்ல வேணாம்னா விட்டுருங்கக்கா. நேராச் சொல்லலாம். நான் என்ன உங்களுக்குப் போட்டியா?”

“நிஜமாத்தான் சொல்றேன்.”

“சரிக்கா. நானே கண்டுபிடிச்சுக்கறேன்.”

கண்டுபிடித்துவிட்டான். ‘நெழுவம்: ஓர் அறிமுகம்’ என்ற கட்டுரை பதினான்கு பக்கம். நெழுவம் மூன்று வகைப்படும். அகநெழுவம், புறநெழுவம், இடைநெழுவம். ஆதாரம்: முன்னுரை, பக்கம் ஏழு. கருத்தரங்கில் ஒருவர் எழுந்து நான்காவது வகை ஒன்று உண்டல்லவா என்று கேட்டாராம். காரசாரமாக விவாதம் நடந்ததாம். அனந்தபத்மநாபன் தலைமை வகித்து, மூன்றுதான் என்று முடித்துவைத்தாராம்.

நிரந்தர இடத்துக்கு இரண்டு விண்ணப்பங்கள் வந்தன. அவளுடையது, பாலமுரளியுடையது.

நேர்காணலுக்கு முந்தைய நாள் மாலை, அவள் கணவன் ராஜேஷ்குமார் கடையிலிருந்து சீக்கிரம் வந்தான். தெற்குமாசி வீதியில் சுங்குடிச் சேலைக் கடை. வாடகை இடம். அவளுக்கு நிரந்தரமானால் மே மாதத்தையும் மற்ற மாதங்களைப்போலக் கடக்கலாம் என்பது அவனுக்குத் தெரியும். அவள் சொல்லின் கதையை முதல்முறையாக அவனிடம் சொன்னாள். வீட்டில் பேச்சு சௌராஷ்டிரத்தில்தான். அவன் சொன்னது இது:

“தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாத. கடைக்கு வர்றவங்க சாயம் போகுமான்னு கேப்பாங்க. எனக்கு என்ன தெரியும்? நானா சாயம் போட்டேன்? போகாதுன்னு சொல்வேன். வாங்கிட்டுப் போவாங்க. போகுமோ என்னவோன்னு சொன்னா, கடையை விட்டே போயிடுவாங்க.”

“சாயம் போனா?”

“தண்ணி சரியில்லைன்னு சொல்வேன்.”

அவள் அன்று மாலை பொருள் ஒன்றைத் தேடி உட்கார்ந்தாள். கிடைத்தது. நல்ல பொருள். அது ஏன் நான்கரை மணிக்கு வரவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது.

நேர்காணல் தாளாளர் அறையில். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் சிவபாண்டி. இடப்பக்கம் அனந்தபத்மநாபன். வலப்பக்கம் வெளியிலிருந்து வந்த வல்லுநர், முனைவர் சுப்பராமன். மேசையில் அறியாமைச் சொற்கோவை, பின்னட்டை மேலாகக் கிடந்தது.

முதல் இருபது நிமிடம் நன்றாகப் போயிற்று. இலக்கணம் கேட்டார்கள். உரையாசிரியர்களைக் கேட்டார்கள். அவளுக்குத் தெரிந்திருந்தது. அனந்தபத்மநாபன் ஒவ்வொரு பதிலுக்கும், தானே சொன்னதுபோல் நிமிர்ந்தார். சுப்பராமன் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

“இது உங்க நூல். இதுல ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நெழுவம்னா என்ன?”

மீனலோசனி தயாராக இருந்தாள்.

“பதில் தெரிஞ்ச பிறகும் கேள்வி தீராம இருக்கறதுங்கய்யா. ஒருத்தர் ஏன் செத்தார்னு டாக்டர் சொல்லிடுவார். காரணம் புரியும். ஆனா ஏன்னு மனசு கேட்டுக்கிட்டே இருக்கும். அந்தக் கேள்விக்குப் பேரு நெழுவம். உழுவல்ங்கிற பழைய சொல்லோட அதுக்கு உறவு இருக்கு.”

சொல்லி முடித்தபோது அவளுக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்திருந்தது.

சுப்பராமன் கண்களை மூடித் திறந்தார்.

“அழகா இருக்கும்மா. ஆனா தப்பு.”

மீனலோசனி அவரைப் பார்த்தாள்.

“தப்புன்னா...”

“நெஞ்சு எழுவதும்மா,” என்றார் அனந்தபத்மநாபன், கூரையைப் பார்த்து.

“மாடு வெளிய வாரதுக்கு முன்னாடிம்மா,” என்றார் சிவபாண்டி. அவர் குரலில் உண்மையான பரிதாபம் இருந்தது. “இதுகூடத் தெரியாமலா எழுதுன?”

“பாலமுரளியோட கட்டுரை படிச்சீங்களா?” என்றார் சுப்பராமன். “மூணு வகை. இடைநெழுவத்துக்கு இலக்கணம் சொல்லுங்க.”

அவள் அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

“சரி, அதை விடுங்க. முன்னுரை. ஏழாம் பக்கம். அது உங்க நூல்லயே இருக்கு. அதுல என்ன சொல்லியிருக்கு?”

அவளுக்கு ஏழாம் பக்கம் மனப்பாடம்.

“பீரோ இருக்குங்கய்யா.”

“என்னது?”

“ஏழாம் பக்கத்துல பீரோக்களைப் பத்தி இருக்கு. நாலு இரும்பு, ரெண்டு மரம். நெழுவம் அதுல இல்ல. முன்னுரை முழுக்கவே அந்தச் சொல் இல்ல. திறந்து பாருங்கய்யா.”

புத்தகம் சுப்பராமன் கையில்தான் இருந்தது. கட்டைவிரல் பக்கங்களுக்குள் பாதி நுழைந்திருந்தது. இன்னும் ஒரு அசைவு போதும். சிவபாண்டி அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். அனந்தபத்மநாபன் கூரையிலிருந்து இறங்கி வந்து அதைப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை. அறைக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

சுப்பராமன் கட்டைவிரலை உருவிக்கொண்டார். புத்தகத்தை மேசைமேல் வைத்தார். அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

“நான் பலமுறை படிச்ச முன்னுரைம்மா அது,” என்றார் மென்மையாக.

அனந்தபத்மநாபன் கைக்குட்டையை எடுத்தார்.

“அப்ப நீங்களே சொல்லுங்க,” என்றார் சுப்பராமன். “நெழுவம்னா என்ன?”

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அதன் கீழே இருந்த தன் பெயரைப் பார்க்க முடியவில்லை.

“எனக்குத் தெரியாதுங்கய்யா.”

மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது. சிவபாண்டி நாற்காலியில் சாய்ந்தார்.

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே,” என்றார் சுப்பராமன். “தெரியாததைத் தெரியாதுன்னு ஒத்துக்கறதுல என்ன வெக்கம்? ஒரு ஆசிரியருக்கு அதுதாம்மா முதல் தகுதி.”

எதிரில் இருந்த தாளில் ஒரு எண்ணை எழுதினார். சின்ன எண். எழுத அதிக நேரம் ஆகவில்லை.

அடுத்து பாலமுரளி உள்ளே போனான். கதவுக்கு வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. மூன்று வகைகளும் கேட்டன.

மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. அனந்தபத்மநாபன் அவளைத் தன் அறைக்கு அழைத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஒன்பது ஆண்டுகளில் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அதிலேயே விஷயம் புரிந்தது.

“உன் திறமைல குறையே கிடையாது. ஆனா சொந்த நூல்லயே தடுமாறினா நான் என்ன பேச முடியும் சொல்லு? ரெண்டு பெரிய மனுஷங்க முன்னாடி.” ஒரு கட்டுத் தாளை அவள் பக்கம் தள்ளினார். “ரெண்டாவது பதிப்பு வருது. நூத்தியோரு சொல்லு. தாளாளரே சொல்லிட்டாரு. பாலமுரளி பதிப்பாசிரியர். நீ கூட இருந்து சொல்லெல்லாம் பாத்துக் குடுத்துரு. ஜூன்ல வழக்கம்போல அப்ளிகேஷன் போட்டுரு. போட்டோ பழசு வேணாம்.”

“முன்னுரை?”

“அது அப்படியே இருக்கட்டும்,” என்றார் அவர். “அதுலதானே எல்லாம் இருக்கு.”

வெளியே ஒச்சம்மாள் நின்றிருந்தாள். ஒரு தம்ளர் தேநீரை நீட்டினாள். பிறகு கேட்டாள்.

“நெழுவமா இருக்கா டீச்சர்?”

“ஆமா,” என்றாள் மீனலோசனி. வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஒத்தக்கடை நிறுத்தத்தில் வெயில் இருந்தது, பேருந்து இல்லை. மூன்று மணி. கையில் தாள் கட்டு. நிழற்குடையின் நிழல் சாலைக்குள் விழுந்திருந்தது. அதில் நிற்க வேண்டுமானால் லாரியில் அடிபட வேண்டும்.

ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டியவனுக்கு முப்பது வயது இருக்கும். பின்னால் மனைவி. அவள் மடியில், செலோஃபேன் தாள் சுற்றிய தாம்பாளம். பழங்கள், ஒரு சுவர்க்கடிகாரம்.

“அக்கா, மல்லிகை நகர் விரிவு எங்கிட்டு இருக்கு? மூணாவது குறுக்குத் தெரு. புது வீட்டுல பால் காய்ச்சுறாக.”

“காலையில காய்ச்சுனாகக்கா,” என்றாள் மனைவி. “நாங்க இப்ப வாரோம். விடிஞ்சதுல இருந்து சுத்துறோம்.”

“வழியில கேட்டீகன்னா ஆளுக்கு ஒண்ணு சொல்றாய்ங்க,” என்றான் அவன்.

மீனலோசனிக்கு ஒத்தக்கடையில் ஒரு வழிதான் தெரியும். நிறுத்தத்திலிருந்து கல்லூரிக்கு. மல்லிகை நகர் என்ற பெயரை இப்போதுதான் கேட்கிறாள். அதற்கு விரிவு வேறு இருக்கிறது.

தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். இன்று அதை ஒருமுறை சொல்லியாயிற்று.

கை மேலே எழுந்தது.

“நேராப் போங்க. ஒரு டிரான்ஸ்பார்மர் வரும். அதைத் தாண்டி ரெண்டாவது இடது. அப்புறம் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.”

“ரொம்ப தேங்க்ஸ்க்கா.”

பைக் போயிற்று. கை இன்னும் அந்தப் பக்கமே நீண்டிருந்தது. அவள் அதை இறக்கினாள். டிரான்ஸ்பார்மர் எல்லாத் தெருவிலும் இருக்கும். இடது பக்கமும் எல்லாத் தெருவுக்கும் உண்டு. குரல் எப்படி அவ்வளவு தெளிவாக வந்தது என்று யோசித்தாள். நேர்காணலில் இந்தக் குரல் வரவில்லை. அங்கே பொருளைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அரை மணி நேரம் பேருந்து வரவில்லை. பைக் வந்தது.

அவள் நிழற்குடைத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தாள். தூண் மெல்லியது. பைக் நேராக அவள் முன்னால் வந்து நின்றது. மடியில் தாம்பாளம் இல்லை.

“அக்கா!”

“என்ன தம்பி, கிடைக்கலையா?”

“பந்தல்காரன் பந்தலப் பிரிக்கிற நேரத்துக்குப் போயிச் சேந்தோம். கரெக்டா டிரான்ஸ்பார்மர் தாண்டி ரெண்டாவது இடது.” அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். “காலையில இருந்து அம்புட்டுப் பேருகிட்ட கேட்டோம்க்கா. நீங்க ஒரு ஆளுதான் ஒழுங்காச் சொன்னீக.”

மனைவி ஒரு மஞ்சள் பையை நீட்டினாள். “ரெண்டு பை குடுத்தாக. ஒண்ணு நீங்க வச்சுக்கங்க.”

தேங்காய், வெற்றிலை, ஒரு லட்டு.

“நீங்க டீச்சரா அக்கா?”

“ஆமா.”

“பாத்தாலே தெரியுது,” என்றான் அவன்.

அவர்கள் போனபின் அவள் லட்டை எடுத்துப் பாதி தின்றாள். யோசித்துச் சொன்னது தப்பாகிவிட்டது. அறிந்து சொன்னதை யாரும் திறந்து பார்க்கவில்லை. ஒன்றும் தெரியாமல் கையை நீட்டினாள், வீடு வந்துவிட்டது. ஐம்பது சொற்களில் இதற்கு ஒரு சொல் இல்லை. நூற்றொன்றிலும் இருக்கப்போவதில்லை. பொருள் இல்லாமல் ஒரு சொல் அவளிடம் சும்மாதான் கிடந்தது. இதற்குப் பொருத்தமாகவும் இருந்திருக்கும். ஆனால் அதற்கு இப்போது மூன்று வகைகளும் ஒரு நிரந்தரப் பணியிடமும் வந்துவிட்டன. அதை இனி அவள் தொட முடியாது.

மேலூர்ப் பக்கமிருந்து ஒரு பேருந்து வந்தது. முன்கண்ணாடியில் வெயில் பளீரென்று அடித்தது. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. பக்கத்தில் வந்து நின்ற ஒரு பெண் அவள் முழங்கையைத் தொட்டாள்.

“அக்கா, இது பெரியார் பஸ் ஸ்டாண்டு போகுமா?”

“போகும்,” என்றாள் மீனலோசனி.

இருவரும் ஏறினார்கள்.